பிடுங்கிய வயரும் நாற்பத்தொரு கடிதங்களும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் குருவுக்கு வயசு முப்பத்து நாலு. சீடருக்கு அறுபத்து மூணு. பாதியில் நிறுத்தி, "என்னய்யா இது, தலைகீழா இருக்கு" என்று யாரும் என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது.

குருவின் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடியில் கடலோடிகள் குடும்பச் சங்கத்தின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவள். கப்பலுக்குப் போன ஆம்பிளைகள் வீட்டுக்கு எழுதும் மெயில் எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குத்தான் வந்து சேரும். எழுநூறு குடும்பம், எழுநூறு முகவரி. கப்பல் கம்பெனிகளும் அந்த முகவரியைத்தான் பதிந்து வைத்திருக்கின்றன.

சீடர் கஸ்பார் ரொட்ரிகோ. கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவர். வேலை விட்டு வந்த பிறகு வீட்டில் மிக்சியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். மாட்டிய மிக்சி ஓடவில்லை. அவர் மனைவிதான், "புண்ணியமாப் போகும், இவரை வச்சுக்கிடுங்க" என்று சங்கத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள்.

அவர் ஜெசிந்தாவை "டீச்சர்" என்று கூப்பிட்டது முதல் நாள் கேலிக்குத்தான். ஒரு வாரத்தில் கேலி போய்விட்டது, டீச்சர் மட்டும் நின்றுவிட்டது.

கஸ்பாருக்கு இரண்டு பழக்கம். ஒன்று, எது நடந்தாலும் மணி போட்டு லாக் புத்தகத்தில் எழுதிவிடுவார். டீ வந்தால்கூட எழுதுவார். இன்னொன்று, யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லியே ஆக வேண்டும் அவருக்கு. லோன் வேண்டுமா என்று கேட்டு ஃபோன் பண்ணுகிற பிள்ளையிடம்கூடப் பத்து நிமிஷம் பேசி, வீட்டில் எல்லாரும் சுகமா என்று விசாரித்துத்தான் வைப்பார்.

"கடல்ல ஒருத்தன் கூப்பிடுதான். நீ கேட்டுக்கிட்டே பேசாம இருந்தா, நீ மனுசனா?" என்பார். இதைச் சொல்லும்போது கண் கலங்கிவிடும்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் மழையோடு ஒரு இடி விழுந்தது. சர்வரின் டிஸ்க் கருகிவிட்டது.

பேர்ப் பட்டியலுக்கும் பழைய மெயிலுக்கும் நகல் இருந்தது. அதைப் போட டிஸ்க்தான் இல்லை. மதுரைக்குப் போய் வாங்கி வர ஜெசிந்தா செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பினாள்.

"அண்ணாச்சி, நான் வாற வரைக்கும் எதையும் தொடாதிய. சும்மா இருங்க."

"சும்மான்னா? எழுநூறு வீட்டுக்கு மெயில் வந்து நிக்குமே. யாரு பதில் சொல்லுவா?"

"யாரும் சொல்ல வேண்டாம்."

"அதெப்படி டீச்சர்..."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணாச்சி. சும்மா இருங்க, போதும்."

போய்விட்டாள். கஸ்பார் சும்மா இருந்தார். பதினொன்றேகால் மணி வரைக்கும் இருந்தார்.

அப்போதுதான் மரியபுஷ்பம் வந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம். அவள் புருஷன் ததேயு ஒரு சரக்குக் கப்பலில் இருந்தான். அந்தக் கப்பல் ஒரு குறுகலான கடல்வழியைத் தாண்ட வேண்டியிருந்தது. அந்த வாரம் அங்கே போகிற வருகிற கப்பல்மேல் எல்லாம் குண்டு விழுந்துகொண்டிருந்தது. தாண்டுகிற வரைக்கும் கப்பலில் ஃபோன் கிடையாது, மெயில் கிடையாது. கம்பெனிக்கு ஃபோன் பண்ணினால், "தகவல் இல்லை" என்றார்கள். போகும்முன் ததேயு அவளுக்கு எழுதியிருந்தான்: "செவ்வாய், இல்லாட்டி புதன். தாண்டுன உடனே ஒரு வரி போடுதேன்."

"மாமா, வந்துச்சா?" என்றாள் புஷ்பம், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

கேள்வி வந்துவிட்டது. பதில் சொல்லாமல் இருக்க கஸ்பாரால் ஆகுமா?

"வரலம்மா."

அவள் கொஞ்ச நேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து நனைந்துகொண்டே போனாள். கஸ்பார் லாக்கில் எழுதினார்: "11:20. மரியபுஷ்பம் கேட்டார். வரவில்லை என்று பதில் தரப்பட்டது." பதிலாவது கொடுத்தோமே என்று மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு மறுபடியும் வந்தாள். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"மாமா?"

"வரலம்மா."

இந்தத் தடவை அவள் உட்காரவில்லை. அவள் தள்ளாடியபடி தெருவில் போவதை கஸ்பார் பார்த்துக்கொண்டே நின்றார். இனிச் சும்மா இருக்க முடியாது என்று ஆகிவிட்டது.

மேஜைக்கு அடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்தது. தூசி தட்டி எடுத்தார். மெயில் புரோகிராமை ஏற்றினார். பத்தரை மணிக்கு அதை லைனில் மாட்டினார். மனுஷர் கெட்டிக்காரர், அதைச் சொல்லத்தான் வேண்டும். மாட்டிய மறு நிமிஷமே எங்கிருந்தோ ஒரு சர்வர் வந்து தட்டியது, பழைய பெட்டி பதில் சொன்னது. கஸ்பார் கை தட்டினார்.

ஆனால் அந்தப் பெட்டியில் எழுநூறு பேரின் பட்டியல் இல்லை. அது ஜெசிந்தாவின் நகலில் இருந்தது. அதனால் யாருக்கு மெயில் வந்தாலும் பெட்டி ஒரே பதிலைத்தான் சொன்னது: "அப்படி ஒருவர் இங்கே இல்லை."

கஸ்பாருக்கு அது தெரியும். தெரிந்தேதான் விட்டார். வந்தவன் வாசலில் நின்றுகொண்டே இருப்பதற்கு, இல்லை என்று கேட்டுக்கொண்டு போய்விடலாமே, வேறு வழி பார்க்கலாமே. அதுதானே மரியாதை?

ஒன்றரைக்கு மேல் ஜெசிந்தா வந்தாள். குடையில் தண்ணீர் சொட்டியது. கையில் பிளாஸ்டிக் பைக்குள் புது டிஸ்க். பழைய பெட்டியின் திரையைப் பார்த்தாள். குனிந்து வயரைப் பிடித்துப் பிடுங்கினாள்.

"டீச்சர்!" கஸ்பார் அலறினார். "என்ன செஞ்சிட்டிய! அவன் பாட்டுக்கு நல்லாப் பதில் சொல்லிக்கிட்டு இருந்தான். பிடுங்கிட்டியளே!"

ஜெசிந்தா குடையை மடக்கி மூலையில் வைத்தாள்.

கஸ்பாருக்கு வந்த கோபத்துக்கு லாக் புத்தகத்தை எடுத்துத் தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினார்: "13:35. காரணம் கூறாமல் டீச்சர் வயரைப் பிடுங்கினார்."

"எழுதியாச்சா?" என்றாள் ஜெசிந்தா.

"எழுதியாச்சு. இப்போ நீங்க எனக்குப் பதில் சொல்லணும். ஒருத்தன் வந்து கூப்பிடுதான், நாம வாயைத் திறக்காம இருக்கோம். இது நியாயமா?"

"அண்ணாச்சி, கொஞ்சம் வெளியில போய் நில்லுங்க."

"மழை பெய்யுது டீச்சர்."

"பெய்யட்டும்."

அவர் வெளியே போனார். ஜெசிந்தா கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டாள்.

"தட்டுங்க!" என்றாள் உள்ளேயிருந்து.

தட்டினார். பதில் இல்லை. மறுபடி தட்டினார். பதில் இல்லை. எதிர் டீக்கடையின் ஓரத்தில் போய் ஒதுங்கி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து வந்து தட்டினார். திறக்கவில்லை. மறுபடி ஒதுங்கினார். இந்தத் தடவை ஒரு டீயையும் குடித்துவிட்டு நிதானமாக வந்து தட்டினார்.

கதவு திறந்தது.

"யாரு வேணும்?" என்றாள் ஜெசிந்தா, முன்பின் பார்த்தே இராதவள் மாதிரி.

"என்ன டீச்சர் விளையாட்டு இது..."

"யாரு வேணும்?"

"ஜெசிந்தா டீச்சர் வேணும்."

"அப்படி ஒருத்தர் இங்க இல்ல."

கதவு சாத்திக்கொண்டது.

கஸ்பார் மழையில் நின்றார். கையைத் தூக்கினார். தட்டவில்லை. இல்லை என்று சொல்லிவிட்ட வீட்டில் இன்னொரு தரம் எப்படித் தட்டுவது? கை தானாகவே இறங்கிவிட்டது.

அப்படியே எவ்வளவு நேரம் நின்றாரோ, ஜெசிந்தாவே கதவைத் திறந்தாள். துண்டைக் கொடுத்தாள்.

"முதல்ல எத்தனை தடவை வந்திய?"

"நாலு தடவை."

"பிறகு?"

கஸ்பார் தலையைத் துவட்டினார். துவட்டி முடித்த பிறகும் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"சேசுவே," என்றார் துண்டுக்குள்ளிருந்து. "எத்தனை பேரை விரட்டினேன் டீச்சர்?"

பழைய பெட்டிக்குள் கணக்கு இருந்தது. இரண்டு பேருமாக உட்கார்ந்து பார்த்தார்கள். மூன்று மணி நேரத்தில் நாற்பத்தொரு மெயில் வந்து திரும்பிப் போயிருந்தது. கஸ்பார் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து வாசித்தார். நாற்பத்தொன்றிலும் ததேயுவின் பெயர் இல்லை.

"மாதாவே! தப்பிச்சேன்," என்றார். உடனே, "அப்படீன்னா அவன் எழுதவே இல்லையா?" என்றார்.

"தெரியாது."

"இல்ல, எழுதி, வழியில நிக்குதா?"

"தெரியாது அண்ணாச்சி. கதவைப் பூட்டிப்போட்டு உள்ள இருக்கோம். வெளிய யாரு நிக்கான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

கஸ்பாரின் முகம் மாறியது.

"புஷ்பத்துக்கிட்ட நான் வரலைன்னு சொல்லிட்டேன்."

"எப்பம்?"

"நேத்து. இன்னைக்கும்."

ஜெசிந்தா தரையில் கிடந்த வயரை எடுத்துச் சுருட்டி மேஜைமேல் வைத்தாள். கஸ்பார் அவள் குடையை எடுத்துக்கொண்டு ஓடினார். அறுபத்து மூணு வயசில் அவர் ஓடியதைப் பார்த்து எதிர்க் கடைக்காரர் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்றே நினைத்தார்.

புஷ்பத்தின் வீட்டில் கூட்டம் கூடியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரெண்டு நாளாக வரவில்லை என்றால் வேறென்ன, என்று ஆளாளுக்கு முடிவு கட்டிவிட்டிருந்தார்கள். புஷ்பம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம்.

கஸ்பார் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"மக்கா, நான் சொன்னது தப்பு. வரலைன்னு எனக்கு எப்படித் தெரியும்? எங்க பெட்டி செத்துக் கெடக்கு. எவன் மெயிலும் உள்ள வர முடியாது. அவன் எழுதியும் இருக்கலாம்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"எழுதியிருக்கானா மாமா?"

இங்கேதான் மனுஷர் தடுமாறினார். ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. அத்தனை பெண்களும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியாதும்மா," என்றார்.

அவர் ஆயுசில் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. சொன்னதும் என்னமோ தோளிலிருந்து மூட்டையை இறக்கினாற்போல் இருந்தது.

"அப்ப, இருக்கலாம்லா?"

"இருக்கலாம்."

புஷ்பம் எழுந்து உட்கார்ந்தாள். தலைமுடியை அள்ளி முடிந்தாள். "யாராவது கொஞ்சம் கஞ்சி தாங்க," என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் ஜெசிந்தா புது டிஸ்க்கில் நகலை ஏற்ற ஆரம்பித்தாள். கஸ்பார் தன் சொந்த ஃபோனை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி, ஒற்றை விரலால் தட்டினார்.

"என்ன செய்யுதிய?"

"அந்த நாப்பத்தோரு பேருக்கும் எழுதுதேன். நீங்க தேடுன ஆள் இங்கதான் இருக்காரு, இல்லைன்னு சொன்னவன் நான்தான், தப்பு என்னோடது, தயவுசெஞ்சு திரும்ப ஒருக்கா எழுதுங்கன்னு."

"ஒரே மெயிலா எழுதி எல்லாருக்கும் ஒரு தட்டுல அனுப்பலாமே."

"தனித்தனியாத்தானே விரட்டுனேன்," என்றார் கஸ்பார், தலையைத் தூக்காமல்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு நாற்பத்தொன்றாவது கடிதமும் போயிற்று. லாக்கில் அதையும் எழுதினார்.

வியாழக்கிழமை உச்சிப் பொழுதில் சர்வருக்கு உயிர் வந்தது. எழுநூறு பெயரும் அதனதன் இடத்தில் இருந்தது. லைனை மாட்டினார்கள். கஸ்பார் திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஒரு மெயில்கூட வரவில்லை.

பன்னிரண்டரை ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. ஒன்றையும் காணோம்.

"டீச்சர், எல்லாம் சரியாத்தானே மாட்டியிருக்கோம்?"

"சரியாத்தான் இருக்கு."

"பிறகென்ன? கதவு திறந்து கெடக்கு, ஒரு பய வரலையே!"

"நேத்து நீங்க மழையில நின்னப்போ முதல்ல எவ்வளவு நேரம் கழிச்சுத் திரும்ப வந்திய?"

"ரெண்டு நிமிசம்."

"கடைசித் தடவை?"

"டீ குடிச்சிட்டு வந்தேன்." கொஞ்சம் யோசித்தார். "இவங்களும் டீ குடிக்கப் போயிருக்காங்களா?"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மெயில் கொண்டு வாற சர்வருங்க முதல்ல கால் மணிக்கு ஒருக்கா வருவாங்க. பிறகு அரை மணி, ஒரு மணி. இப்போ நாலு மணி நேரத்துக்கு ஒருக்காத்தான் வருவாங்க. கதவு திறந்தது அவங்களுக்குத் தெரியாதுல்லா."

"எத்தனை நாளைக்கு இப்படி வந்து பாப்பாங்க?"

"அநேகமா அஞ்சு நாள்."

"அஞ்சு நாளா!" கஸ்பார் வாயைப் பிளந்தார். "சொந்தக்காரன்கூட அவ்வளவு தடவை வரமாட்டான் டீச்சர்."

மூன்று மணிக்குப் புஷ்பம் வந்தாள். "வந்துச்சா" என்று கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று நாற்பதுக்கு முதல் மெயில் வந்தது. கஸ்பார் எழுந்தே நின்றுவிட்டார். திறந்து பார்த்தால், ஏதோ ஜவுளிக் கடையின் கிறிஸ்மஸ் தள்ளுபடி.

"வாய்யா மகராசா!" என்றார் அந்த ஜவுளிக் கடையைப் பார்த்து. பிஷப்பே வந்தாலும் அப்படி வரவேற்றிருக்க மாட்டார். புஷ்பத்துக்குக்கூட உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பிறகு மொத்தமாகக் கொட்டியது. புதன்கிழமை எழுதியது முன்னால் வந்தது, திங்கட்கிழமை எழுதியது பின்னால் வந்தது. கஸ்பார் விரட்டிவிட்ட நாற்பத்தொரு பேரில் ஒன்பது பேர் திரும்ப எழுதியிருந்தார்கள். அதில் ஒருத்தர், "பரவாயில்லை பெரியவரே, எனக்கும் இப்படி நடந்திருக்கு" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். கஸ்பார் அதை மூன்று தரம் வாசித்தார்.

ஐந்து மணி ஆயிற்று. ததேயு பெயரைக் காணோம். வரத்து குறைந்துகொண்டே வந்தது. புஷ்பம் புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"இன்னும் இருக்கா மாமா?" என்றாள்.

கஸ்பார் டீச்சரைப் பார்க்கவில்லை. "தெரியாது தாயி. இரு, பாப்போம்," என்றார்.

ஐந்து ஐம்பதுக்கு ஒன்று வந்தது. புஷ்பத்தின் முகவரிக்கு. கஸ்பார் திரையை அவள் பக்கம் திருப்பிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"தாண்டியாச்சு. நல்லாருக்கேன். சாப்ட்டியா?"

அவ்வளவுதான் எழுதியிருந்தான்.

புஷ்பம் அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு மேஜையில் ஓங்கி ஒரு அடி போட்டாள்.

"சாப்ட்டியாவாம்! கேட்டியளா மாமா? மூணு நாளா என் உயிரை எடுத்துட்டு, சாப்ட்டியாவாம்! வரட்டும், வீட்டுக்கு வரட்டும் அந்த மனுசன்!"

திட்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். ஜெசிந்தா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கஸ்பார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், மறுபடி துடைக்க வேண்டியிருந்தது. புஷ்பம் அங்கேயே உட்கார்ந்து, "சாப்ட்டேன்" என்று பதில் அனுப்பிவிட்டு, அந்தப் பொய்யை மெய்யாக்க வீட்டுக்கு ஓடினாள்.

மழை விட்டிருந்தது. எதிர்க் கடையிலிருந்து டீ வந்தது. கஸ்பார் அதை லாக்கில் எழுதவில்லை. ததேயுவின் மெயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மெயிலின் தலையிலும், தபால் உறையில் முத்திரை இருப்பதுபோல, அது எங்கே எப்போது போய்ச் சேர்ந்தது என்று நேரம் பதிந்திருக்கும். ததேயு அனுப்பியது கடலிலிருந்து கம்பெனி சர்வருக்கு வந்து, அங்கிருந்து முதல் தடவையாகச் சங்கத்தின் கதவைத் தட்டப் புறப்பட்ட நேரமும் அதில் இருந்தது.

புதன்கிழமை, 13:50.

கஸ்பார் லாக் புத்தகத்தைப் புரட்டினார். தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதிய அந்த வரியைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. 13:35. விரலை அதன்மேல் வைத்தபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போயிற்று.

"டீச்சர்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"கால் மணி நேரம்."

ஜெசிந்தா வந்து புத்தகத்தையும் திரையையும் பார்த்தாள்.

"பஸ் ஸ்டாண்டுல இறங்கி, மழை விடட்டும்னு நீங்க ஒரு டீ குடிச்சிட்டு வந்திருந்தா?" என்றார் கஸ்பார். "அந்தப் பையனுக்கு, அந்த நடுக்கடல்ல, உன் பொண்டாட்டி இங்க இல்லைன்னு நான் பதில் சொல்லியிருப்பேனே டீச்சர். அப்ப என்ன ஆயிருக்கும்?"

ஜெசிந்தா ஆறிய டீயை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நாப்பத்தி ரெண்டாவது லெட்டரும் எழுதியிருப்பிய, அண்ணாச்சி."